நிழல் மீது பழி

1999ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், கதிரவனை முழுவதும் மறைத்த நிலவின் நிழல் அத்திலாந்திக் கடலில் இறங்கி, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையைத் தொட்டு, பிரான்சு, ஜெர்மனி, ஆஸ்திரியா, அங்கேரி, ருமேனியா என்று நாடு நாடாகக் கடந்து, கருங்கடலைத் தாண்டித் துருக்கியின் வடகரையிலே ஏறிற்று. தோக்காத், சிவாஸ், தியார்பக்கிர் ஆகிய பகுதிகளைப் பட்டப்பகலில் இருட்டாக்கிவிட்டு ஈரானுக்குள் நுழைந்தது. பாகிஸ்தானையும் குஜராத்தையும் கடந்து வங்கக் கடலில் போய் முடிந்தது. எந்த இடத்திலும் இரண்டரை நிமிடத்துக்கு மேல் முழு இருள் நிலைக்கவில்லை. பகலிலே விண்மீன் கண்ட மக்கள் ஆரவாரித்தனர். அறிஞர்கள் கருவிகளோடு ஓடி வந்தனர், கண்டனர், குறித்துக்கொண்டனர், கலைந்தனர்.

ஆறு நாட்கள் சென்றன. ஆகஸ்டு 17, விடியற்காலை 3 மணி 2 நிமிடம். துருக்கியின் வடமேற்கிலே, இஸ்மித் வளைகுடாவைச் சுற்றிய ஊர்கள் உறங்கிக்கொண்டிருந்தன. ஒரு நிமிடம்கூட முழுமையாக ஆகவில்லை. கோல்சுக், யாலோவா, அடாபசாரி, இஸ்மித் ஆகிய ஊர்களிலே அடுக்கு வீடுகள் அடுக்கிய அப்பங்களைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. கடலோரத்தில் மண் கொட்டி உருவாக்கிய நிலம் வீடுகளோடும் மரங்களோடும் கடலுக்குள் வழுக்கி இறங்கிற்று. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. மாண்டவர் 17,000க்கும் மேற்பட்டோர் என்று அரசே அறிவித்தது.

“பார்த்தீர்களா! நிழல் விழுந்தது, நிலம் நடுங்கிற்று” என்றனர் பலர். அங்கே மட்டுமா? உலகெங்கும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை கிரகணம் வரும்போதும் அந்த இஸ்மித்தையே சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

சாட்சியை நாமும் விசாரிப்போம். அந்த நிழல் ருமேனியாவின்மீதும் விழுந்ததே, அந்த வாரத்தில் அந்நாடு இடிந்ததா? அங்கேரி அழிந்ததா? இஸ்மித் நகரமோ முழு இருள் படர்ந்த பாதைக்குள் இருக்கவே இல்லை. பாதைக்கு மேற்கே, நெடுந்தொலைவில், கதிரவனின் வட்டத்தில் ஒரு பகுதி வெளிச்சமாகவே எஞ்சியிருந்த இடத்தில் இருந்தது. முழு இருளைச் சுமந்த தோக்காத் தப்பிற்று. அரைகுறை நிழல் கண்ட இஸ்மித் அழிந்தது. இது என்ன நீதி? குறி தவறிச் சுடும் தெய்வமா அது?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும். கிரகணம் என்ற வடசொல்லுக்குப் பிடித்தல், பற்றுதல் என்று பொருள். பிடிப்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற கதை அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கிறது. எனவே இனி, மறைப்பு என்றே எழுதுகிறேன். நிலவு நடுவிலே வந்து மறைக்கிறது, அவ்வளவுதான் நடப்பது. இதனால் தமிழர் மட்டும் தொன்றுதொட்டே தெளிவோடு இருந்தனர் என்று மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. மதியைப் பாம்பு விழுங்குவதாகச் சங்கப் புலவர்களும் பாடித்தான் இருக்கின்றனர். உவமைக்குப் பாம்பு அழகாகத்தான் இருந்தது. அந்தப் பாம்புக்குப் பரிகாரம் என்று கையை நீட்டிக் காசு கேட்கத் தொடங்கியபோதுதான் அது நஞ்சு கக்கிற்று.

இஸ்மித்துக்குத் திரும்புவோம். வரலாற்றில் இப்படியும் ஒரு விந்தை உண்டா என்று வியக்கத்தக்க செய்தி ஒன்று அந்த மண்ணிலேயே புதைந்து கிடக்கிறது. இஸ்மித் நகரின் பழம்பெயர் நிகொமீடியா. அதற்குத் தெற்கே, ஏரிக்கரையில் உள்ள இஸ்னிக் நகரின் பழம்பெயர் நைசியா. இரண்டும் உரோமானியப் பேரரசின் பித்தினியா மாநிலத்தில் இருந்தவை. அட்ரியன் என்ற பேரரசனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பிளெகான் என்பவர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஒரு காலவரிசை நூல் எழுதினார். நூல் அழிந்துவிட்டது. பிற்காலத்தார் எடுத்தாண்ட துணுக்குகள் எஞ்சின. அவற்றுள் ஒன்று, 202ஆம் ஒலிம்பியாட்டின் நான்காம் ஆண்டிலே பகல் நடுவில் விண்மீன்கள் தெரியுமளவுக்கு மறைப்பு ஒன்று நிகழ்ந்ததென்றும், பித்தினியாவில் பெரும் நிலநடுக்கம் தோன்றி நைசியாவின் பெரும்பகுதியை வீழ்த்தியதென்றும் கூறுகிறது. அதே நிலம்! அதே இணைப்பு! ஏறத்தாழ 1,970 ஆண்டுகளுக்கு முன்பே!

“ஆகா, பழஞ்சான்றும் கிடைத்துவிட்டது” என்று துள்ளி எழ வேண்டாம். அந்தப் பகுதியில் முழு மறைப்பு ஏற்பட்ட நாளை இன்றைய வானியலார் பின்னோக்கிக் கணித்திருக்கின்றனர். அது கி.பி. 29, நவம்பர் 24. பிளெகான் சொன்னதாக நமக்குக் கிடைக்கும் ஆண்டோ கி.பி. 32-33இல் விழுகிறது. கணக்கு மூன்றாண்டு உதைக்கிறது. மறைப்பும் நடுக்கமும் ஒரே நாளில் நிகழ்ந்தனவா என்பதும் அந்தத் துணுக்கிலே தெளிவாக இல்லை. நூறாண்டு கழித்து எழுதியவர் இரண்டு பெருநிகழ்ச்சிகளை ஒரே மூச்சில் சொன்னார். படித்தவர்கள் ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட்டனர்.

முடிச்சு அதோடு நிற்கவில்லை. ஏசுவைச் சிலுவையில் அறைந்தபோது நாடெங்கும் இருள் சூழ்ந்தது, நிலம் அதிர்ந்தது என்று கிறித்தவ மறை கூறுகிறதல்லவா? அந்த இருள் இந்த மறைப்புத்தான் என்று சொல்லி, பிளெகானையும் சாட்சிக் கூண்டிலே ஏற்றினர். அப்போது அதை மறுத்து எழுந்த குரல் எவருடையது என்று நினைக்கிறீர்கள்? நாத்திகருடையதா? அன்று. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜூலியஸ் ஆப்ரிக்கானஸ் என்ற கிறித்தவ எழுத்தாளருடையது! ஏசு மாண்டது பாஸ்கா விழாக் காலத்தில். பாஸ்கா வருவது முழுநிலவு நாளை ஒட்டி. முழுநிலவிலே நிலவு கதிரவனுக்கு எதிர்ப்புறம் இருக்க, அது கதிரவனை மறைப்பது எங்ஙனம் என்று அவர் கேட்டார். அந்த இருளை அற்புதம் என்று அவர் நம்பியது உண்மை. ஆனால் வானின் கணக்கை வளைத்து அற்புதத்துக்கு முட்டுக்கொடுக்க அவர் மறுத்தார். நம்பிக்கையோடிருந்தும் நேர்மையோடிருந்த அம்மனிதரை எண்ணும்போது மதிப்புத் தோன்றுகிறது.

கிரேக்க நாட்டிலும் இந்த இணைப்புப் பேச்சு உண்டு. ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த நெடும்போரின் வரலாற்றை எழுதிய துசிடைடீஸ், அந்தப் போர்க்காலத்தில் நிலநடுக்கங்களும் கதிரவன் மறைப்புகளும் முன்னைய காலங்களைவிட மிகுந்திருந்தன என்று தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். கி.மு. 424இல் அமாவாசையன்று ஒரு மறைப்பு, அதே மாதத் தொடக்கத்தில் ஒரு நிலநடுக்கம் என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறார். ஆனால் அதனால் இது என்று அவர் சொல்லவில்லை. கதிரவன் மறைப்பு அமாவாசையில் மட்டுமே நிகழக்கூடியதாகத் தோன்றுகிறது என்று பிறிதோரிடத்தில் எழுதியவர் அவர். கி.மு. 426இல் யூபியாத் தீவின் கரையிலே கடல் பின்வாங்கிப் பின் பாய்ந்து வந்ததை விவரிக்கும்போதோ, நிலநடுக்கமே அதற்குக் காரணம் என்று அழுத்தமாகச் சொல்கிறார். காரணம் தெரிந்த இடத்தில் காரணம் சொன்னார். தெரியாத இடத்தில் நிகழ்ந்ததை மட்டும் சொன்னார்.

அவருக்குப் பின்வந்த அரிஸ்டாட்டில், நிலத்துக்குள் அடைபட்ட காற்று வெளியேற முட்டி மோதுவதே நடுக்கம் என்று கருதினார். சில வேளைகளில் நிலவு மறைப்பை ஒட்டி நடுக்கம் நேர்வதற்கும் அந்தக் காற்றைக் கொண்டே விளக்கம் சொன்னார். விளக்கம் தவறு. எனினும் அசுரனை அழைக்காமல் காற்றை அழைத்தாரே, அந்த மட்டும் அது முன்னேற்றம். தவறான காரணத்தைச் சோதித்துத் தள்ளிவிடலாம். அசுரனை எங்கே கொண்டு போய்ச் சோதிப்பது?

அதே துசிடைடீஸ் எழுதிய இன்னொரு நிகழ்ச்சி நெஞ்சை உலுக்குவது. கி.மு. 413, ஆகஸ்டு 27. சிசிலித் தீவில் சிராகூஸ் நகரை முற்றுகையிட்டுத் தோற்றுக்கொண்டிருந்த ஏதென்சுப் படை, தப்பிச் செல்லக் கப்பலேறத் தயாராக இருந்தது. அன்றிரவு நிலவு மறைந்தது. படைத்தலைவன் நிசியாஸ் குறிசொல்வோரைக் கேட்டான். மூவொன்பது நாட்கள் அசையக் கூடாது என்றனர். படை அசையவில்லை. பகைவர் அசைந்தனர்! துறைமுகத்தின் வாயை அடைத்தனர். கப்பல்கள் அழிந்தன, நிசியாஸ் கொல்லப்பட்டான், ஏறத்தாழ 7,000 பேர் சிறைபிடிக்கப்பட்டுக் கற்சுரங்கங்களிலே வாடினர். மறைப்பு ஒருவரையும் கொல்லவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட பொருள் கொன்றது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். இங்கே கதை இன்னும் கசப்பானது. ஏனெனில் இங்கே உண்மை முன்னமே தெரிந்திருந்தது.

கி.பி. 499இல் ஆரியபடர், நிலவை மறைப்பது பூமியின் நிழல், கதிரவனை மறைப்பது நிலவு என்று எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையிலே அதையே ஏற்று, இராகு காரணமல்லன், இதுவே நூல் கண்ட உண்மை என்று தெளிவாகச் சொன்னார். சபாஷ் என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். அதே நூலின் அதே இயலிலேயே, எந்த மாதம் மறைப்பு வந்தால் எந்த நாட்டாருக்குக் கேடு, எந்த நிறத்தில் வந்தால் எவருக்கு அழிவு என்று பலன் பலனாக அடுக்குகிறார். மறைப்பு நீங்கிய ஏழு நாட்களுக்குள் புழுதி பொழிந்தால் பஞ்சமாம்; மூடுபனி சூழ்ந்தால் நோயாம்; நிலம் நடுங்கினால் பெருவேந்தனுக்குச் சாவாம்! இஸ்மித்தில் ஆறாம் நாள் நிலம் நடுங்கிற்று. எந்த வேந்தன் மாண்டான்? வாடகை வீட்டிலே உறங்கிய ஆலைத் தொழிலாளியும் அவன் மனைவி மக்களும் அன்றோ மாண்டனர்!

நிலநடுக்கத்துக்கென்றே அந்நூலில் தனி இயல் ஒன்று உண்டு. கடலில் வாழும் பெருவிலங்குகளால் என்பார் சிலர், பூமியைச் சுமக்கும் திசையானைகள் களைத்துப் பெருமூச்சு விடுவதால் என்பார் சிலர், காற்றோடு காற்று மோதி நிலத்தில் விழுவதால் என்பார் சிலர் என்று எல்லாவற்றையும் அவர் தொகுத்திருக்கிறார். நிழலின் வடிவத்தைக் கணிக்கத் தெரிந்த மூளை, யானையின் பெருமூச்சையும் ஏட்டிலே ஏற்றியது.

இந்த இரட்டைநிலை இன்றும் தொடர்கிறது. ஒரு விளக்கும் இரண்டு பந்துகளும் இருந்தால் போதும், மறைப்பு எப்படி நிகழ்கிறதென்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கால்மணி நேரத்தில் விளக்கிவிடுகிறேன். தேர்விலே பிழையின்றி எழுதுகிறார்கள். மறைப்பு நாளன்று வீட்டிலே சோற்றுப் பானையின்மேல் தருப்பைப் புல் கிடக்கிறது. அதே பிள்ளை அதையும் பிழையின்றிச் செய்கிறது!

கி.பி. 628இல், தம் முப்பதாவது வயதிலே, பிரம்மகுப்தர் பெரும் வானியல் நூல் இயற்றினார். நிழலின் விட்டம் இவ்வளவு, மறைப்பின் நேரம் இவ்வளவு என்று கணக்கிடும் முறைகளைத் தந்தார். அவ்வளவும் தெரிந்த அவர், இராகு இல்லை என்று சொன்ன ஆரியபடர் முதலியோரைச் சாடினார். ஏன்? இராகு மறைக்கவில்லையென்றால், மறைப்பின்போது செய்யும் நீராடலும் சடங்கும் வீணாகிவிடுமே, வேதமும் ஸ்மிருதியும் பொய்யாகிவிடுமே என்பது வாதம். நான்கு நூற்றாண்டுகள் கழித்து, ஏறத்தாழ கி.பி. 1030இல், இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி என்ற இசுலாமியப் பேரறிஞர் இந்த இடத்தைப் படித்துத் திடுக்கிட்டுப் போனார். தம் மனச்சான்றுக்கு மாறாகவே பிரம்மகுப்தர் இப்படி எழுதியிருக்க வேண்டும் என்றும், சாக்ரட்டீசுக்கு நேர்ந்தது போன்றதொரு கேடு அவரை அச்சுறுத்தியிருக்கலாம் என்றும் அவர் கருதினார்.

சடங்கு வீணாகுமே என்று கலங்கினாரே, அந்த இடத்தில்தான் வரலாறு தன் முகமூடியைக் கழற்றி நம்மைப் பார்க்கிறது. உண்மையா பொய்யா என்பதன்று அங்கே கேள்வி. உண்மை வெளிப்பட்டால் எவர் வருவாய் குறையும் என்பதே கேள்வி. கணக்குத் தெரிந்தவர் கணக்கைத் தமக்குள் வைத்துக்கொண்டு, அச்சத்தை ஊருக்கு வழங்கினார். அறியாமையை மன்னிக்கலாம். அறிந்தே ஊட்டிய அறியாமையை என்னவென்பது?

வானத்திலே காரணம் தேடும் பழக்கம் நல்லெண்ணம் படைத்தவரையும் விடவில்லை. 1934 சனவரி 15ஆம் நாள் பிற்பகல் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம். முங்கேரும் முசாபர்பூரும் பாழாயின. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அன்று அமாவாசை. மறைப்பு எதுவும் இல்லை. கதிரவன் முழு மறைப்பு வந்தது முப்பது நாள் கழித்து, பிப்ரவரி 14இல், பசிபிக் கடல் பக்கத்திலே. அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியார், சனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியிலே பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை இது என்று தாம் நம்புவதாகக் கூறினார். நோக்கம் தீண்டாமை ஒழிப்பு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கைக்கொண்ட கருவி? தாகூர் பதறி மறுப்பு எழுதினார். இயற்கையின் அழிவை அறத்தோடு முடிச்சுப் போடும் இந்த வாதம் காந்தியாரைவிட அவருடைய எதிரிகளுக்கே பொருத்தமானது என்றும், அவரும் அவர் தொண்டர்களுமே தெய்வக் கோபத்துக்குக் காரணம் என்று அவர்கள் திருப்பிச் சொன்னால் வியப்பில்லை என்றும் சுட்டிக்காட்டினார். எவ்வளவு கூர்மையான பார்வை! தாழ்த்தப்பட்டோரைக் கோயிலுக்குள் விடாததால் நிலம் நடுங்கிற்று என்று நீங்கள் சொன்னால், விட முயன்றதால் நடுங்கிற்று என்பான் வைதிகன். இரண்டில் எது உண்மையென்று நிலம் வாய்திறந்து சொல்லப்போவதில்லை. தீண்டாமையை ஒழிக்க மனிதனின் மானம் போதும். பீகாரின் பிணங்கள் தேவையில்லை.

சரி, நிலம் ஏன் நடுங்கிற்று? இஸ்மித்துக்கே மறுபடி வருவோம். துருக்கியின் வடபகுதியிலே கிழக்கு மேற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் பாறைப் பிளவு ஒன்று ஓடுகிறது. அதற்குத் தெற்கே உள்ள அனத்தோலியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு செண்டிமீட்டர் வீதம் மேற்கே நகர முயல்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடவும் குறைவு. பிளவின் இருபுறமும் உராய்ந்து சிக்கிக்கொள்வதால் இழுவிசை ஆண்டாண்டாகத் தேங்குகிறது. தாங்காத நாளில் ஒரு பகுதி திடீரென வழுக்குகிறது. வழுக்கிய இடத்தின் சுமை அடுத்த பகுதிமேல் ஏறுகிறது. 1939இல் கிழக்கே எர்சிஞ்சானில் ஏறத்தாழ 33,000 பேரைக் கொன்ற பெரும் நடுக்கம். பிறகு 1942, 1943, 1944, 1957, 1967 என்று படிப்படியாக மேற்கு நோக்கி, ஒன்று விட்ட இடத்தை ஒட்டி மற்றொன்று. பிளவு கிழக்கிலிருந்து மேற்காகப் பொத்தான் பொத்தானாகக் கழன்று வந்தது. அடுத்த பொத்தான் எது? 1997ஆம் ஆண்டிலேயே மூன்று ஆய்வாளர்கள், அவர்களுள் ஒருவர் துருக்கியர், கணக்கிட்டு வெளியிட்டனர். இஸ்மித் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்குள் பெருநடுக்கம் நேர 12 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றனர். நாள் சொல்லவில்லை, நட்சத்திரம் சொல்லவில்லை, இடம் சொன்னார்கள். இரண்டே ஆண்டில் பொத்தான் கழன்றது. அந்த நிலம் 358இலும் 1719இலும் இதேபோலக் குலுங்கிய நிலம் என்பதையும் ஏடுகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன.

நிலவுக்கும் நிலத்துக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாக விடை சொல்வோம். உண்டு, மிகச் சிறிதளவு. கடலை ஏற்றி இறக்கும் நிலவின் ஈர்ப்பு, பாறையையும் இம்மியளவு இழுக்கிறது. அமாவாசையிலும் முழுநிலவிலும் கதிரவனின் இழுப்பும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. அவ்விழுப்பால் பாறையில் ஏறும் அழுத்தம், நடுக்கத்தின்போது வெளிப்படும் அழுத்தத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். முன்னமே முறியும் நிலைக்கு வந்துவிட்ட பிளவின்மீது அது சிறிது செல்வாக்குச் செலுத்தலாம் என்று 2016இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினர். ஆனால் 2018இல் சூசன் ஹஃப் என்ற அமெரிக்க நில அதிர்வு ஆய்வாளர், பதினேழாம் நூற்றாண்டு முதல் நிகழ்ந்த, 8ஆம் அளவுக்குக் குறையாத 204 நடுக்கங்களை எடுத்துக்கொண்டு, நிலவின் சுற்றில் இவை குறிப்பிட்ட நாட்களை விரும்புகின்றனவா என்று சோதித்தார். அந்தக் கட்டுரையின் சுருக்கம் என்ற இடத்திலே ஒரே ஒரு சொல்லைத்தான் எழுதினார்: இல்லை. இதைவிடச் சுருக்கமான சுருக்கத்தை நான் கண்டதில்லை!

மறைப்பு நாளிலே மட்டும் இழுப்பு பன்மடங்கு பெருகுமா? பெருகாது. ஒவ்வோர் அமாவாசையிலும் நிலவு நமக்கும் கதிரவனுக்கும் இடையேதான் வருகிறது. அதன் பாதை சுமார் ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலும் நிழல் பூமியைத் தப்பி மேலாகவோ கீழாகவோ போய்விடுகிறது. நேர்கோட்டில் வரும்போது நிழல் விழுகிறது. ஈர்ப்பில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இஸ்மித்தின் செய்தியோ இன்னும் வேடிக்கை. ஆகஸ்டு 11 அமாவாசை. 17ஆம் நாள் வானில் இருந்தது ஏறத்தாழ அரைநிலவு. கதிரவனும் நிலவும் வெவ்வேறு திசையில் இழுத்து, ஒன்றன் வலிமையை மற்றொன்று குறைக்கும் காலம் அது. நிலவின்மீது வழக்குத் தொடுப்பவர்கள், அது மிகவும் சோர்ந்திருந்த நாளையா தேர்ந்தெடுப்பது?

பிறகு ஏன் இத்தனை பொருத்தங்கள்? எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முதல் ஐந்து வரை கதிரவன் மறைப்புகள். 7ஆம் அளவுக்குக் குறையாத நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து. 6ஆம் அளவிலிருந்து கணக்கிட்டால் நூற்றுக்கும் மேல். எந்த மறைப்பை எடுத்தாலும், முன்னும் பின்னும் ஒரு மாதத்துக்குள் ஏதாவதொரு பெருநடுக்கம் எங்காவது இருந்தே தீரும். முன்னால் வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி என்றால் கேட்கவே வேண்டாம். 2010 சனவரி 15ஆம் நாள் கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் கதிரவன் வளையமாகத் தெரிந்ததே, நினைவிருக்கிறதா? அதற்கு மூன்று நாள் முன்னர், உலகின் மறுகோடியில், எயிட்டி நாடு இடிந்து இலட்சக்கணக்கில் மக்கள் மாண்டனர். அதையும் இதையும் இணைத்தவர் உண்டு! நம்மைச் சூறையாடிய 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையோ மறைப்பு எதுவும் இல்லாத முழுநிலவு நாளில் வந்தது. பொருந்தியவை நினைவில் நிற்கின்றன. பொருந்தாதவை கணக்கில் ஏறுவதேயில்லை.

இனி, கொன்றது எது என்ற கேள்வி. இஸ்மித் வட்டாரத்தில் ஒரே தெருவில் ஒரு கட்டடம் நின்றது, அடுத்த கட்டடம் படிந்தது. இடிபாடுகளை ஆராய்ந்தவர்கள் உடைந்த தூண்களிலே கிளிஞ்சல்களைக் கண்டனர். கடல் மணலைக் கழுவாமலே சிமெண்டுடன் கலந்து கட்டியிருக்கிறார்கள். கம்பிகள் மெலிந்தவை, போதிய எண்ணிக்கையிலும் இல்லை. அனுமதித்ததற்கு மேல் மாடிகள் ஏறியிருந்தன. சட்டம் இருந்தது, சரிபார்க்க வேண்டியவர் கண் மூடியிருந்தது. மக்கள் கொதித்தனர், கட்டியவர்கள்மேல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. சிலர் தண்டனை பெற்றனர். பல வழக்குகள் இழுத்துக்கொண்டே போய்க் காலவரம்பு கடந்துவிட்டதென்று கைவிடப்பட்டன. நிழல்தான் குற்றவாளி என்ற பேச்சு எவருக்கு இனித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிழலை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாதன்றோ!

2006 மார்ச்சு 29ஆம் நாள் மற்றொரு முழு மறைப்பு துருக்கியைக் கடந்தது. இம்முறையும் தோக்காத் பாதைக்குள் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அறிஞர்கள் எடுத்துச் சொல்லியும், அம்மாவட்டத்திலே பலர் வீட்டைவிட்டு வெளியேறி, வெளியிலே கூடாரமடித்துத் தங்கினர். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. 1942இல் பொத்தான் கழன்றது அவர்கள் நிலத்திலேதான். நிக்சாரும் எர்பாவும் இடிந்ததைக் கண்ட முதியவர்கள் அன்றும் உயிரோடிருந்திருப்பார்கள். அச்சம் பிழையன்று, அச்சத்துக்கு நாள் குறித்ததே பிழை. கூர்ந்து நோக்கினால், அந்தக் கூடாரங்கள் வேறொன்றையும் பேசின. வானத்துக்கு அஞ்சியவன் கூரைக்குள்ளே அல்லவா ஒளிய வேண்டும்? இவர்கள் கூரையை விட்டல்லவா ஓடினர்! தம் சுவர் எப்படிக் கட்டப்பட்டதென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறைப்பு சில நிமிடங்களில் முடிந்தது. நிலம் அசையவில்லை. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அதே சுவர்களுக்குள் திரும்பினர்.

2023 பிப்ரவரி 6, விடியற்காலை 4 மணி 17 நிமிடம். இம்முறை தென்கிழக்கே, வேறொரு பிளவு. 7.8 அளவில் ஒன்று. அன்று பிற்பகலிலேயே 7.5 அளவில் மற்றொன்று. துருக்கியில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிரியாவிலும் பல்லாயிரவர் மடிந்தனர். கடைசியாகக் கதிரவன் மறைப்பு நிகழ்ந்து நூறு நாட்களுக்கு மேலாகியிருந்தது; அடுத்ததற்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. மறைப்பு கைகொடுக்காததால் இம்முறை கோள்களின் வரிசையைப் பிடித்துக்கொண்டனர். அதை வைத்து முன்னறிவித்ததாக ஒருவர் உலகப் புகழும் பெற்றார்.

அந்நாட்டிலே 2018இல், தேர்தலுக்குச் சற்று முன்னர், விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கும் சட்டம் ஒன்று வந்தது. கட்டணம் செலுத்தினால் பதிவுச் சான்று கிடைக்கும். இலட்சக்கணக்கானோர் செலுத்திப் பெற்றனர். கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பதை அரசு பார்க்காது, அது உரிமையாளரின் பொறுப்பு என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது.